தலைகீழ் அந்தோணியாரும் நம் தெருப் பிள்ளைகளின் காய்ச்சலும்

சான் மிகேலீத்தோ,
ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு, பூசைக்குப் பின்

என் செல்ல மகள் கிரிசெல்தாவுக்கு,

அன்றைக்கு நம் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, உன் சோலே அத்தை, கொசுவலைக்குள் உன் தங்கை நயெலி, அவளுடைய ஞானத்தாய் அம்பாரோ, அம்பாரோவின் இரட்டைப் பிள்ளைகள் ரொமானும் ரொசேந்தோவும், சுகாதார நிலையத்து நர்ஸ் யதீரா, எதிர்வீட்டு எங்கிராசியா அம்மாள். இன்னும் ஒருவரும் இருந்தார், அவர் அங்கே இருந்தது எங்களில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. சர்வேசுரன் கிருபையால் மேலே சொன்ன எல்லோரும் சுகம், நீயும் அந்த பீனிக்ஸ் ஊர் வெயிலில் வாடிப்போகாமல் சுகமாக இருக்க வேண்டுமென்று உன் கணக்கில் தினம் ஒரு ஜெபமாலை தனியாக வைத்துவருகிறேன், ஒருநாள்கூட பாக்கி இல்லை. ஃபோன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தைத் தேடினாள் என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் உன் அத்தை என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், பாதி விஷயம் அவளைப் பற்றியது, மீதி பாதி உன்னைப் பற்றியது, அதனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், எழுதும்போதே சிரிப்பு வந்து எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

போன வருஷம் அக்டோபரில் நயெலிக்கு டெங்கு வந்தபோது நீ ஃபோனில் அழுத அழுகை எனக்கு மறக்கவில்லை. அவள் எழுந்துவிட்டாள், ஓடினாள், பழையபடி வாயாடினாள், எல்லாம் சரி. ஆனால் அன்றைக்கே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், இதில் பல வகை உண்டாம், ஒரு வகை வந்து போன பிள்ளைக்கு வேறு வகை வந்தால் முதல் தடவை போல இருக்காதாம், உள்ளே ரத்தம் கசியுமாம், அம்மா நீங்க அடுத்த மழைக்காலத்துல இந்தப் பிள்ளையைக் கொசு தொடாம பாத்துக்கணும் என்றார். அதை உன்னிடம் நான் முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ என்ன செய்வாய். இந்த ஜூலையில் ரொமானுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்தத்தைப் பார்த்துவிட்டு இது போன வருஷத்து வகை இல்லை, வேறு வகை என்று சொல்லிவிட்டார்கள். அம்பாரோ அவள் பிள்ளைக்காக அழுதாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் பிள்ளைக்காக அழுதேன். அவன் பிழைத்து வந்தான், மாதாவுக்குத் தோத்திரம். அதற்குப் பின்னால் கோயிலில் புதுநன்மைக்கு, முதல் நற்கருணைக்குப் படிக்கிற பிள்ளைகளில் இன்னும் மூன்று பேர் படுத்தார்கள், எல்லாரும் நம் தெரு. அன்றிலிருந்து நயெலிக்குப் பகல் முழுக்கக் கொசுவலைதான், ஏனென்றால் இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும், காலில் வெள்ளை வரி போட்ட அந்தச் சின்னச் சனியன். வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்த்தி வைத்தேன், அவள் உள்ளேயிருந்து, அம்மா நான் என்ன சந்தையில மூடி வெச்ச ரொட்டியா என்று கேட்பாள்.

நம் மலையில் கொசுக் காய்ச்சலா என்று நீயும் கேட்டாய், ஊரே கேட்டது. அது கடற்கரைக்காரங்க வியாதி, நமக்கு வராது என்று உன் அப்பா போன வருஷம் வரை மார்தட்டினார். நீ பள்ளிக்கூடம் போன நாளில் ஜூன் மாசத்தில்கூட காலையில் கம்பளிச் சட்டை போடாமல் அனுப்பமாட்டேன், ஞாபகம் இருக்கிறதா? இந்த வருஷம் பெட்டியிலிருந்து கம்பளியை எடுக்கவே இல்லை, பூச்சி உருண்டை மட்டும் மாற்றி வைத்தேன். நர்ஸ் யதீரா கொடுத்த புத்தகத்தை விரல் வைத்து மூன்று தடவை படித்தேன், சூடு ஏற ஏற கொசுவும் மலை ஏறிக்கொண்டே வருகிறது என்று அதில் படம் போட்டிருக்கிறது. குளிர்தான் இத்தனை காலம் நம் பிள்ளைகளுக்குக் காவலாக இருந்திருக்கிறது, சம்பளம் வாங்காத காவல், அது போனதும்தான் தெரிகிறது. சரி, குளிரை என்னால் திருப்பிக் கூட்டிவர முடியாது, நின்ற தண்ணீரைக் கொட்ட முடியும் என்று முடிவு செய்தேன். நம் தெருவில் ஒரு கொசுப்புழுகூட இல்லை என்று ஆகும்வரை காப்பியில் சர்க்கரை போடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். நீ அனுப்பிய பணத்தில் ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாயிற்று, பீப்பாய்களுக்கு மூடி வாங்கியாயிற்று, மீதி நாற்பது பெசோ, ரசீதோடு எடுத்து வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் அம்பாரோவும் நானும் இன்னும் சில தாய்மார்களும் சேர்ந்து சனிக்கிழமை தோறும் வீடு வீடாகப் போனோம். குழாயில் வியாழக்கிழமை மட்டும்தான் தண்ணீர் வருகிறது, அதனால் எல்லா வீட்டிலும் பீப்பாய், தொட்டி, வாளி. மூடினோம், தேய்த்தோம், கவிழ்த்தோம், நாய்த் தட்டைக்கூட விடவில்லை. என் வீட்டுக்காரி பட்டாளத்துல சேந்துட்டா, எனக்கு மத்தியானச் சோறு போட சிப்பாய்க்கு நேரமில்ல என்று உன் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். புழு இல்லாத வீட்டுக் கதவில் நர்ஸ் ஒரு பச்சைச் சீட்டு ஒட்டுவாள், அது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது, பூசைக்கு வந்தால் பெண்கள் ஏசுநாதரைப் பார்ப்பதற்கு முன்னால் யார் வீட்டில் சீட்டு இல்லை என்றுதான் பார்த்தார்கள். தெருவில் எல்லாக் கதவிலும் பச்சைச் சீட்டு வந்தும் கொசு குறையவில்லை. உடனே எல்லோரும் எங்கிராசியா அம்மாள் மேல் பாய்ந்தார்கள், அவள் பழைய டயர்களில் ஜெரேனியம் வளர்க்கிறாள் அல்லவா. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் டயருக்கு நாலு ஓட்டை போட்டுருக்கேன்டி, ஒரு சொட்டு நிக்காது, உங்க வீட்டு ஆம்பளைங்க குடிச்சுட்டு வெக்கிற பீர் பாட்டிலை மொதல்ல எண்ணுங்க என்றாள். நான் டயர் ஒவ்வொன்றிலும் கை விட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது, மன்னிப்புக் கேட்டேன். ஒரு மத்தியானம் நயெலிக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினேன், செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியவில்லை, ரத்தம் எடுத்துப் பார்த்து, இது வெறும் தொண்டைப் புண் என்று சொன்னபோது நர்ஸைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன், அவள் தொப்பி கீழே விழுந்தது. ஆனால் இனி ஒருதரம் இந்தப் பயத்தை என் நெஞ்சு தாங்காது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

இப்போது முதலில் சொன்ன அந்த நாளுக்கு வருகிறேன். நம் வீட்டுச் சீட்டின் பசை விட்டுப்போய் விழுந்துவிட்டது, புதுசு ஒட்ட நர்ஸ் வந்தாள், வந்தவளுக்கு அதோலே, நம் சோளக் கஞ்சி, காய்ச்சிக் கொடுத்தேன், அதன் வாசனைக்கு மற்றவர்களும் வந்துவிட்டார்கள். பேச்சு மும்முரத்தில் நயெலி வலையை விட்டு நழுவி இரட்டையரோடு ஒளிந்து விளையாட வீட்டுக்குள் போனதை நான் பார்க்கவில்லை. எங்கிராசியா அம்மாள், எங்கேயோ ஒரு வீட்ல நின்ன தண்ணி இருக்கு, இந்த வீடாகூட இருக்கலாம் என்று குத்தலாகச் சொல்ல, உன் அத்தை, எங்க வீட்டுத் தரையில எச்சில் துப்பினாகூட நாங்க துடைச்சுருவோம் என்று பதில் சொல்லி வாயை மூடுமுன் நயெலி உள்ளேயிருந்து ஓடிவந்து ஊருக்கே கேட்கிற மாதிரி, அத்தை அத்தை, உங்க அலமாரில அந்தோணியாருக்குத் தலையில பேன் விழுந்திருக்கு, பேன் எல்லாம் நீச்சல் அடிக்குது என்றாள்.

கிரிசெல்தா, கஞ்சிக் குவளைகளை அப்படியே கீழே வைத்தோம். நயெலியை அள்ளி வலைக்குள் போட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போனோம். உன் அத்தையின் அலமாரியில், கதவு சரியாகச் சேராதே அதே அலமாரி, ஊறுகாய் ஜாடி நிறையத் தண்ணீர், அதற்குள் இடுப்புவரை தலைகீழாகப் புனித அந்தோணியார், பாட்டி காலத்துப் பீங்கான் சுரூபம். நர்ஸ் கைவிளக்கை அடித்தாள். தண்ணீர் முழுக்கப் புழு, குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணுக்கு வரன் வேண்டித்தானே அவரை இப்படித் தலைகீழாக நிறுத்துவார்கள், யாருக்காக என்று நான் கேட்டேன், கேட்டிருக்கவே வேண்டாம். வேற யாருக்கு, உம் மூத்த மகளுக்குத்தான், முப்பது வயசுல ஊரான் பிள்ளைக்குப் பால் புட்டி கழுவிட்டுருக்கா, நீயா மாப்பிள்ளை தேடுற, நானாவது தேடுறேன் என்று உன் அத்தை அழவும் தொடங்கிவிட்டாள், சண்டைக்கும் வந்துவிட்டாள், இரண்டும் ஒரே மூச்சில். ஜூன் பதின்மூன்றாம் தேதி அவர் திருநாளிலிருந்து அவர் அப்படியே நிற்கிறாராம், வரன் வரும்வரை நிமிர்த்தக் கூடாதாம். கையிலிருந்த குழந்தை இயேசுவை மட்டும் பிரித்தெடுத்துத் தலையணைக்கடியில் பத்திரமாக வைத்திருக்கிறாள், அந்த ஒரு நல்ல காரியம் செய்தாள்.

நாங்கள் அவளைத் திட்டலாம் என்று திரும்பினால் அம்பாரோவைக் காணோம். அடுப்பில் ஏதோ வைத்தது ஞாபகம் வந்துவிட்டது என்று ஓடிவிட்டாளாம், அவள் வீட்டு அடுப்பு நின்று இரண்டு நாள் ஆகிறது, எரிவாயு தீர்ந்து என்னிடம்தான் தோர்த்தியா ரொட்டி சுட்டுப்போகிறாள். எங்கிராசியா அம்மாளும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோழிக்குத் தீனி வைக்கணும் என்று எழுந்தாள். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தெருவுல கல்யாணம் ஆகாத பொண்ணு எத்தனை பேர் அம்மா என்று கேட்டாள். நான் விரல் விட்டேன், இரண்டு கையும் போதவில்லை. அம்பாரோ வீட்டில் ரொமானுடைய சித்தி பெர்னார்தா ஒன்று, பேக்கரிக்காரர் மகள்கள் மூன்று, இப்படியே. முற்றம் முற்றமாகச் சுத்தம் செய்தோமே, யார் யாருடைய படுக்கையறை அலமாரியைத் திறந்தார்கள்? உன் அப்பா மட்டும் வாசலில் நின்று மெதுவாக, ஏம்மா, அப்ப நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்லயும் இவர் இப்படி நின்னாரா என்றார். நின்றார், என் அம்மா வைத்தாள், அவருக்கும் கொசுவுக்கும் அப்போது சம்பந்தமே இல்லை, அந்தக் குளிரில் எந்தக் கொசு வந்து முட்டை இடும். அதைத்தான் நான் நர்ஸிடமும் சொன்னேன், நம் ஆட்கள் புதுசாக எந்தத் தப்பும் செய்யவில்லை, எப்போதும் செய்வதையே செய்தார்கள், ஊர்தான் சூடாகிவிட்டது.

வீடு புகுந்து தேடினால் எந்தத் தாயும் திறந்து காட்டமாட்டாள், மகள் மானம் போய்விடும் என்று. அதனால் நேராகப் பங்குச் சாமியார் நிக்கானோரிடம் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் சிரித்த சிரிப்பில் பீன்ஸ் மூக்கில் ஏறி இருமல் வந்து கோயில்பிள்ளை ஓடிவந்து முதுகில் தட்டவேண்டியதாயிற்று. ஆனால் ரொமான் படுத்திருந்தபோது சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற நோயில் பூசுதல் கொடுக்க வரலாமா என்று யோசித்தவரும் அவர்தான், அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவுலாலியா, ஞாயிற்றுக்கிழமை வரட்டும், நான் பாத்துக்கறேன் என்றார். பிரசங்கம் முடிந்து சொன்னார்: பதுவை அந்தோணியார் மீன்களுக்குப் பிரசங்கம் பண்ணினவர்தான், அதுக்காகக் கொசுப்புழுவுக்கும் பண்ணச் சொல்லி அவரை யாரும் வதைக்காதீங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை தெருவுல இருக்கற எல்லா அந்தோணியாரும் கோயிலுக்கு வரணும், ஆசீர்வாதம் உண்டு, யார் கொண்டுவந்தீங்கன்னு நான் பாக்க மாட்டேன், கண்ணை மூடிட்டே தீர்த்தம் தெளிப்பேன், நனைஞ்சு வந்தவரைத் துடைச்சுக் கொண்டுவாங்க. பெண்கள் பக்கத்தில் ஒரு முனகல், ஆண்கள் பக்கத்தில் ஒரு இருமல்.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்திருக்க வேண்டும் நீ. முக்காட்டுக்குள், கூடைக்குள், துண்டில் சுற்றி, ஒருத்தி ரொட்டிப் பைக்குள் வைத்து மேலே இரண்டு ரொட்டியை மறைப்பாக வைத்து. முப்பத்தொரு வீட்டுக்கு இருபத்துமூன்று அந்தோணியார், நான் எண்ணினேன், வாசலில் நின்ற நர்ஸ் அதில் பத்தொன்பது பேர் ஈரம் என்றாள். பேக்கரிக்காரர் மனைவி மூன்று மகளுக்கும் ஒரே சுரூபம், செலவு மிச்சம் பிடித்திருக்கிறாள். எல்லாருக்கும் கடைசியில் எங்கிராசியா அம்மாள், எழுபத்தொரு வயசு, மகளே கிடையாது, கையில் பெரிய அந்தோணியார். யாருக்கு அக்கா இது என்று அம்பாரோ கேட்டேவிட்டாள். ஏன், எனக்குத்தான், டயர்ல பூ வளக்கறவ மனசுல பூ வளக்கக் கூடாதா என்றாள். கோயில் என்றும் பார்க்காமல் சிரித்தோம், சாமியார் கண்ணைத் திறந்துவிட்டார், தீர்த்தம் பாதி அவர் அங்கியில். அன்று சாயங்காலமே நர்ஸோடு போய் எல்லா ஜாடியையும் கொட்டி, உள்பக்கம் நாரால் அழுத்தித் தேய்த்தோம், முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமாம், வெறுமே கொட்டினால் போதாது. யாரும் வெட்கப்படவில்லை, எல்லாருக்கும் ஒரே வெட்கம் என்றால் அது வெட்கமே இல்லையே.

அதற்கப்புறம் நம் தெருவில் ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் இல்லை. கொசு முட்டை இடுகிறதா என்று நர்ஸ் வைத்துப் பார்க்கிற கறுப்புக் குவளைகள் இரண்டு வாரமாகச் சுத்தம். நயெலியை வலையிலிருந்து விட்டுவிட்டேன், கை காலில் மருந்து தடவித்தான் விடுகிறேன், நேற்று தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடிப்போய்த் திரும்பி வந்து, வேர்த்துக் கொட்ட, அம்மா நான் ரொட்டி இல்ல என்று கத்தினாள். நான் காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தேன், குடிக்கவும் முடியவில்லை, அவ்வளவு இனிப்பு, ஆனாலும் குடித்துவிட்டேன். மழை அக்டோபர் வரைக்கும் இருக்கிறது, அடுத்த தெருவில் இன்னும் காய்ச்சல் இருக்கிறது, அங்கேயும் அந்தோணியார்கள் உண்டு, வருகிற வாரம் அங்கே போகிறோம். நீயும் அங்கே கவனம். நீ பார்த்துக்கொள்கிற அந்தக் குழந்தையைக் காலை வெயில் ஏறுமுன் வெளியே கூட்டிப்போய்த் திரும்பிவிடு, சறுக்குமரத்தில் உட்காரவைக்குமுன் உன் கையை வைத்துப் பார், உன் கைக்குச் சுட்டால் அதன் தொடைக்குப் பொத்துப்போகும். அது தாகம் என்று கேட்கக் காத்திராமல் தண்ணீர் கொடு, காசு கொடுக்கிற நேரத்துக்குக்கூடக் காருக்குள் தனியே விடாதே. பெற்றவள் வேலைக்குப் போய் உன்னை நம்பித்தானே விட்டிருக்கிறாள். நீயும் தலையில் எதையாவது போட்டுக்கொள், பச்சைத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டுக் குடி.

இப்போது உன் விஷயம். எல்லா வீட்டிலும் அந்தோணியார் நிமிர்ந்துவிட்டார், நம் வீட்டில் இல்லை. தண்ணி வேண்டாம், காஞ்ச பீன்ஸ் கொட்டைக்குள்ள தலைகீழா வெச்சுக்கறேன் என்று உன் அத்தை சாமியாரிடம் பேரம் பேசினாள், அவர் காது கேட்காத மாதிரி போய்விட்டார், அதை அவள் உத்தரவு என்று எடுத்துக்கொண்டாள். பீன்ஸில் நிற்கிறார், சரி என்று நானும் விட்டேன். ஆனால் காய்ஞ்ச அந்தோணியார் சோம்பேறி, ஈரம் இருந்தாத்தான் அவசரப்படுவார் என்று அவள் தனக்குள் முணுமுணுப்பதை நான் கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை ஜாடிக்குள் விரல் விட்டால் அடியில் பீன்ஸ் ஊறியிருக்கிறது. கேட்டால், ஜாடி வேர்த்துருக்கும் என்கிறாள். ஜாடி வேர்க்குமா? ஊறின பீன்ஸை எடுத்து அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டேன். இப்போது தினம் காலையில் எழுந்ததும் என் முதல் வேலை அந்த அலமாரி, அதற்குப் பிறகுதான் சிலுவை அடையாளம். அவள் மனசு கெட்டதில்லை, உன் மேல் உயிர், நயெலி மேலும் உயிர், இரண்டு உயிரும் ஒரே ஜாடியில் மோதுகிறது என்பது மட்டும் அவளுக்குப் புரியவில்லை. நான் ஒருநாள் மறந்தால் போதும். உன் தங்கை உடம்பு உன் கல்யாணத்துக்காகக் காத்திருக்க முடியாது மகளே.

அதனால் அத்தை பெயருக்குத் தனியாக ஒரு காகிதம் எழுது. பொய் எழுதாதே, பொய் பாவம். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மரியாதையாக நாலு வார்த்தை பேசின பையன் இருந்தாலும் எழுது, பெயர் தெரிந்தால் பெயரும் எழுது, மீதியை அவளே கட்டிக்கொள்வாள், அவரையும் நிமிர்த்திவிடுவாள். யாருமே இல்லை, இப்போதைக்கு வேண்டவும் வேண்டாம் என்றாலும் அதை உன் கையெழுத்தில் எழுது, நான் அவள் முன்னால் சத்தமாகப் படித்து, அழவிட்டு, ஜாடியை உடைத்துவிடுகிறேன். உன் அப்பா உன்னை முத்தமிடுகிறார், நயெலி தான் ஓடின தூரத்தை எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். குவாதலூப்பே மாதா தன் நீலச் சால்வையில் உன்னையும் நீ தூக்கி வளர்க்கிற பிள்ளையையும் சேர்த்து மூடிக்கொள்வாளாக. இதைப் படித்து முடித்ததும் வேறு வேலை பார்க்காமல், யாராவது உண்டா இல்லையா என்று உடனே பதில் எழுது.

உன் அம்மா,
எவுலாலியா